தூக்கத் தூக்க இறங்கிய வண்டி

வண்டிக்கடியில் பாரம் தாங்கும் இரும்பு வில்லான கமான் பட்டையைக் கட்டும் தொழிலில் முதுகில் மண் ஒட்டாத நாள் கிடையாது. முகத்தில் கரி பூசாத மாதம் கிடையாது. முதுகு மண்ணைத் துண்டால் தட்டிவிடலாம். மற்றதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிடும்போது நினைத்து, பாதிச் சோற்றில் கையைக் கழுவ வேண்டியிருக்கும். மிக்ஸியோ மோட்டாரோ, ரிப்பேர் வேலை எதையாவது பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பொருளின் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டே இருக்க, அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் கையில் திருப்புளியோடு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம். உட்காருங்கள், பேசுவோம்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் பட்டறை. நானும் வெல்டர் காதர் பாயும் கூட்டு. செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குள் பிக்கப் வண்டிகளும் அப்போதுதான் பெருகின. வாங்கிய மறுமாதமே எல்லாரும் எங்களிடம் வந்து ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: "தூக்கிக் கட்டுங்க." பட்டை கூடுதலாக ஒன்று வைத்து, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கினால் வண்டி உயர்ந்துவிடும். லோடு கூடுதலாக ஏற்றலாம், வரப்பில் ஏற்றலாம், எல்லாவற்றுக்கும் மேலாக மற்ற பிக்கப்காரனைக் குனிந்து பார்க்கலாம்.

ஷெட்டுக்குள் போகாத வண்டி

பந்தல் சாமான் வாடகைக்கு விடும் ஒருவர் கோச்சடையிலிருந்து வந்தார். "எம்புட்டு முடியுமோ அம்புட்டுத் தூக்குங்க" என்றார். அப்படி ஒரு உத்தரவு கிடைத்தால் எனக்குக் கை நிற்காது. தூக்கினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே வண்டியைக் கும்பிடத் தோன்றியது. அவரும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நடந்து வந்தார். வண்டி எங்கே என்று கேட்டேன். தெருவில் நிற்கிறது என்றார். அவர் வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு ஒரு ஷெட் கட்டி வைத்திருந்தார். கூரைக்கு என்ன உயரம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நுழையும்போது தகரம் சுருண்டு, பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தடித்து ஓடி வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குக் கூசியது. நிதானமாக டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வண்டிய நல்லாத் தூக்கிட்டீங்கண்ணே. அப்பிடியே வந்து என் ஷெட்டையும் கொஞ்சம் தூக்கி விட்ருங்க."

பட்டை இல்லாத வண்டி

ஜெயக்கொடி மதுரைக்கு மேற்கே கால்வாய்ப் பாசன ஊர்க்காரர். சென்னைக்குப் போய் போர்வெல் வண்டியில் கூலியாகச் சேர்ந்து, பிறகு தானே வண்டி வாங்கி, நன்றாக வந்துவிட்ட மனிதர். சென்னையில் வெளிநாட்டு ஆபீஸ்காரர்கள் யாரோ கழித்துவிட்ட ஒரு பிக்கப்பை ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த மாதிரி வண்டியை ஆரப்பாளையம் அதற்கு முன் பார்த்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"நல்லாத் தூக்கணும்ணே. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வருது. தாய்மாமன் சீர் கொண்டுபோற வண்டி இது" என்றார். நான் வண்டிக்கடியில் எட்டிக்கூடப் பார்க்காமல், "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிரலாம்" என்றேன். அது எங்கள் தொழிலின் வியாதி. பார்த்த பிறகு சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

படுத்து உள்ளே போனேன். பின்பக்கம் பட்டையே இல்லை. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரப்பரில் இரண்டு காற்றுப் பைகள். அதிலிருந்து குழாய்கள், ஒயர்கள், ஒரு மூலையில் சின்னப் பெட்டி. காற்று அடைக்க ஒரு குட்டி கம்ப்ரஸர். வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. இத்தனை வருஷம் பட்டைக்கென்றே வாழ்ந்தவன், பட்டை இல்லாத வண்டிக்கடியில் படுத்திருந்தேன். வெளியே வந்தால் கேள்வி கேட்பார்களே என்று இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன். கடைசியில் வந்துதானே ஆக வேண்டும். ஜெயக்கொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னண்ணே, சிரிச்சுக்கிட்டே உள்ள போனீங்க, பேயறைஞ்ச மாதிரி வாரீங்க?"

மதில் உயரம்

எதற்காக அத்தனை உயரம் என்று கேட்டேன். முடியாது என்று சொல்லித் தப்பிக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்றுதான் கேட்டேன். அவர் என்னை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

தங்கை செல்வியின் கல்யாணத்தன்று போர்வெல் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறும் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வந்து தோளைத் தட்டி, "நீ அடுத்த பந்தியில உக்காருப்பா" என்று எழுப்பிவிட்டு, அந்த இலையில் யாரோ ஒரு பெரிய மனிதரை உட்கார வைத்தார். பெண்ணின் கூடப்பிறந்த அண்ணன் அவர். போட்ட இலையிலிருந்து எழுந்தவர், அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாப்பிள்ளை தவமணியோடு பேச்சு வார்த்தையும் இல்லை. செல்வி எத்தனையோ தடவை அழுது கூப்பிட்டும் போகவில்லை. ஆனால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதற்கு வேறு ஆளைத் தேட முடியாது. சீரும் போயாக வேண்டும்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. பெஞ்சில் விழுந்த டீயை விரலால் இழுத்து இழுத்துக் கோடு போட்டுக்கொண்டே சொன்னார். நான் தப்பிப்பதற்குக் காரணம் தேடி வந்ததை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. வண்டியைத் தூக்கித் தருகிறேன் என்று மறுபடியும் வாக்குக் கொடுத்தேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவங்க வீட்டு மதிலுக்கு மேல என் தலை தெரியணும்ணே. சீரைக் குடுப்பேன், புள்ளைய மடியில வைப்பேன், ஒரு வாய் சாப்பிடாம அதே வண்டியில ஏறி நின்னுக்கிட்டே திரும்பி வாரேன்."

புஸ்

எனக்குத் தெரிந்தது இரும்புக் கட்டை. காற்றுப் பைக்குக் கீழே கட்டையைக் கொடுத்தால் பை மேலே ஏறும், பை ஏறினால் வண்டி ஏறும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. காதர் பாய் கட்டைகளை அறுத்து, துளை போட்டு, கண்ணாடி மாதிரித் தேய்த்துக் கொடுத்தார். மாட்டினேன். உயரத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பெரிய டயரும் போட்டோம். வண்டி மலை மாதிரி நின்றது. ஜெயக்கொடிக்கு போன் போட்டு வரச் சொன்னேன். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நானும் கூட்டம் கூடட்டும் என்று கொஞ்சம் காத்திருந்துதான் சாவியைப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ஜின் ஓடியது. நான் இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றேன். பின்னால் எங்கேயோ 'புஸ்' என்று ஒரு சத்தம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நிதானமாக, அவசரமே இல்லாமல், எருமை படுக்கிற மாதிரி இறங்கி, வந்த அன்றைக்கு எந்த உயரத்தில் நின்றதோ சரியாக அதே உயரத்தில் நின்றுகொண்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அசையவில்லை. தெருவில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது தொற்றிக்கொண்டது. நான் டூல்ஸ் பெட்டியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். காதர் பாய் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உஸ்தாத், நாம தூக்கினதை அது எறக்கிருச்சு. உங்களை விடப் பிடிவாதக்கார வண்டியா இருக்கே, யா அல்லா!"

மணி அடிக்கும் வண்டி

அடியில் பார்த்த சின்னப் பெட்டி ஒரு கம்ப்யூட்டர் என்றும், அதுதான் வண்டியை இறக்குகிறது என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் கம்ப்யூட்டரை வெட்டிவிட்டால் என்ன? பக்கத்துத் தெரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ராம்பாபுவைக் கூப்பிட்டேன். அவர் சௌராஷ்டிரக்காரர்; வீட்டு ஆட்களிடம் போனில் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிக்கொண்டே, நம்மிடம் மதுரைத் தமிழில் கிண்டல் பண்ணிக்கொண்டே, கை பாட்டுக்கு ஒயர் உரிக்கும். பெட்டிக்குப் போகிற பியூஸைப் பிடுங்கினார். உடனே வண்டிக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. கோயில் மணி மாதிரி இல்லை, கடிகாரம் மாதிரியும் இல்லை. ஆஸ்பத்திரியில் யாருக்கோ முடியாமல் போகிறபோது அடிக்குமே, அந்த மாதிரி. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. பியூஸைத் திருப்பி மாட்டினோம். மணி நிற்கவில்லை.

ஓட்டிப் பார்த்தால் நிற்கும் என்று யார் சொன்னது என்று ஞாபகமில்லை, நானாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போனேன். தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பாலத்துக்குக் கீழே டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தி, ஆம்புலன்ஸா என்று கேட்டார். இல்லை சார், ரிப்பேருக்கு வந்தது என்றேன். யார் மெக்கானிக் என்றார். அந்தக் கேள்வி காதில் விழாதவன்போல் கியரைப் போட்டேன். பட்டறைக்குத் திரும்பி ராம்பாபு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டி மணியை ஒருவழியாக அடக்கிவிட்டு அவர் சொன்னார்: "சத்தம் போடுற வரைக்கும் வண்டிக்கு உசிரு இருக்குன்னு அர்த்தம்ணே. நீங்க கை வச்ச பெறகும் சத்தம் வருதேன்னு சந்தோசப்படுங்க."

சைக்கிள் கம்பி

கட்டைகளைக் கழற்ற மறுபடியும் அடியில் படுத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் முழங்கை எதிலோ இடித்தது. சட்டத்தில் பொருத்திய சின்னக் கைப்பிடி மாதிரி ஒன்று. அதிலிருந்து அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி. இடித்த வேகத்தில் குச்சி கழன்று, கைப்பிடி மேலே போனது. கம்ப்ரஸர் உர்ரென்றது. என் மார்புக்கு மேலே வண்டி எழுந்தது! கைப்பிடியைக் கீழே இழுத்தேன், புஸ் என்று இறங்கியது. மேலே தள்ளினேன், எழுந்தது. அந்தக் குச்சியை வைத்துத்தான் கம்ப்யூட்டர் உயரத்தைத் தெரிந்துகொள்கிறது. குச்சியை நீளமாக்கினால் வண்டி தாழ்ந்துவிட்டதாக நினைத்து அதுவாகவே காற்றை அடைத்துத் தூக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அடியில் படுத்தபடியே நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அளவான குச்சி எங்கே கிடைக்கும்? சைக்கிள் கடையில் ஒரு சக்கரக் கம்பி வாங்கி, இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்து மாட்டினேன். "இது நிக்குமா, ஒழுங்கா ஒண்ணு செஞ்சு பத்த வச்சுத் தாரேனே" என்று காதர் பாய் கேட்டார். "காத்தாடி கனம்கூட இதுல ஏறாது பாய்" என்று நான் அவர் வாயை அடைத்தேன். வண்டி எழுந்து நின்றது. ஓட்டினேன், நின்றது. அணைத்துப் போட்டேன், நின்றது. ஜெயக்கொடி பின்பக்கம் ஏறி நின்று, கைகளை விரித்துப் பார்த்தார். தெருவில் சிரித்தவர்களை நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவர் இறங்கி வந்து சொன்னார்: "இந்த வண்டியச் செஞ்ச வெள்ளைக்காரன் உங்ககிட்ட வந்து படிக்கணும்ணே."

மைக்கில் என் பெயர்

நானும் காதர் பாயும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். பாய்தான் வண்டி ஓட்டினார். நான் புது வேட்டி, வெள்ளைச் சட்டை. ஊர் எல்லையிலிருந்து ஊர்வலம். முன்னால் தப்பு, அதற்கு முன்னால் வெடி, வீடியோக்காரர் பின்னோக்கி நடந்தபடி படம் எடுத்தார். வண்டியில் வாழைத்தார்கள், தேங்காய்த் தாம்பாளங்கள், பட்டுப்பாவாடை, ஒரு பித்தளை அண்டா, மாலை போட்ட கிடாய், எல்லாவற்றுக்கும் நடுவில் தலைப்பாகையோடு ஜெயக்கொடி. மைக் செட்டுக்காரர், "சீர் வண்டியை வானளவு தூக்கிக் கொடுத்த மெக்கானிக் முருகேசன் அவர்களை வரவேற்கிறோம்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மடையன், நான் கையை வேறு ஆட்டினேன்.

பிறகு உறவுக்காரப் பையன்கள் வண்டியில் ஏறி ஆட ஆரம்பித்தார்கள். வண்டி அவர்களோடு சேர்ந்து குதித்தது. சைக்கிள் கம்பி எனக்கு ஞாபகம் வந்தபோது தவமணி வீட்டு வாசல் வந்துவிட்டது. ஜெயக்கொடியின் தலை மதிலுக்கு மேலே தெரிந்தது. உள்ளே பந்தலில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வண்டியின் பின்பக்கம் பந்தலைப் பார்க்கும்படி பாய் திருப்பி, கேட்டுக்குள் பாதி நுழைத்து நிறுத்தினார். பையன்கள் குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார்கள்.

புஸ்.

அந்தச் சத்தத்தை அந்தக் கூட்டத்தில் புரிந்துகொண்டவர்கள் நானும் பாயும்தான். பின்பக்கம் அப்படியே தரையோடு இறங்கியது. முதலில் தேங்காய்கள் உருண்டன. அண்டா அதன் பின்னால் போனது. கிடாய் குதித்துப் பந்தலுக்குள் ஓடியது. ஜெயக்கொடி நின்றபடியே சறுக்கி, திறந்த கதவு விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்துவிட்டார், தலைப்பாகை கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. தப்புச் சத்தம் நின்றது. அப்புறம் சிரிப்பு. வாழ்க்கையில் எத்தனையோ முறை அவமானப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் என் அவமானம், பொறுத்துக்கொண்டேன். இது இன்னொருவருடையது. அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. தவமணியின் அப்பா, அன்றைக்கு இலையிலிருந்து எழுப்பியவர், காலடியில் வந்து நின்ற தேங்காயை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாங்க மருமகனே. எறங்குறதுக்கு இம்புட்டு அவசரமா?"

கேட்டை அடைத்த வண்டி

பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அது அழ, மாமனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீரை இறக்கியாயிற்று. பந்தி ஆரம்பமாயிற்று. ஜெயக்கொடி இலைப் பக்கமே திரும்பாமல் வண்டிக்கு வந்தார். "கெளப்புங்க பாய்." கிளப்பினால் பெரிய டயர் மட்கார்டில் இறுகி உரசி, வண்டி ஒரு அடி நகரவில்லை. வேனில் போகலாம் என்று கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். தன் வண்டியை அந்த வாசலில் போட்டுவிட்டுப் போவதைவிடக் கேவலம் இல்லை என்றார் அவர். பந்தல் ஓரம் ஒரு சேரில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, புது வேட்டியோடு அடியில் புகுந்தேன். கொக்கி நிமிர்ந்து, கம்பி கைப்பிடியைக் கீழே இழுத்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. இடுக்கியால் வளைத்து மாட்டினேன். அம்புட்டுத்தான் வேலை. இனிச் சாவியைப் போட்டால் வண்டி எழுந்துவிடும். சக்கரத்துக்கு நடுவே பந்தல் தெரிந்தது. தவமணி ஜெயக்கொடிக்கு எதிரில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தலையை ஆட்டி மறுத்தார். அவர் கையைப் பிடித்தார். இவர் விலக்கினார். மறுபடி பிடித்தார். தவமணியின் அப்பா, அந்தப் பெரியவர், தானே ஒரு இலையைக் கொண்டுவந்து விரித்து, தண்ணீர் தெளித்து, பக்கத்திலேயே நின்றார். வெகுநேரம் நின்றார். ஜெயக்கொடி வண்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக இலை முன்னால் போய் உட்கார்ந்தார்.

நான் இதையெல்லாம் பார்த்தும், மரமண்டை, "பாய், சாவியைப் போடுங்க" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் வண்டிக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை சரசரக்க ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். செல்வி.

"சரியாயிருச்சாண்ணே?"

"ஆயிருச்சும்மா. இப்பத் தூக்கிரும்."

அவர் பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் என்னிடம், கெஞ்சலாகக்கூட இல்லை, கூடப்பிறந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "ஆகலைன்னு சொல்லுங்கண்ணே. எங்கண்ணன் எலையில உக்காந்திருக்கு, மொத வாய் இன்னும் வைக்கலை. வண்டி எந்திரிச்சா அதுவும் எந்திரிச்சிரும்."

அடியில் கிடந்தவன்

காதர் பாயிடம் கண்ணைக் காட்டினேன். அவர் சாவியை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, எதுவும் தெரியாதவர்போல் வெளியே போய் நின்றார். நான் அடியில் படுத்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தேன். சரியாகிவிட்ட வண்டியை ரிப்பேர் செய்வதைப்போலக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் கிடையாது. மட்டன் குழம்பு வாசனை சக்கரத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. கால்கள் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தன. "இவனா வானளவு தூக்கினவன்?" என்றது ஒரு ஜோடிச் செருப்பு. வீடியோக்காரர் குனிந்து என் முகத்துக்கு லைட் அடித்துப் படம் எடுத்தார். அந்த சிடி அந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை வீட்டில் ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஊர்வலத்தில் என் கையைக் குலுக்கி, தன் பிக்கப்பைத் திங்கள்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த ஒருவர், "நான் வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். எழுந்து வந்து, "யோவ், வண்டி எப்பவோ சரியாயிருச்சு" என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவமானத்தில் காது சுட்டது. அப்படியே கிடந்தேன்.

சக்கரத்துக்கு நடுவே பார்த்தேன். ஜெயக்கொடி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் வாளியைத் தானே வாங்கிப் பரிமாறினார். போதும் என்று இவர் இலையில் கையை விரித்து மறைக்க, அவர் அந்தக் கையை நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி போட்டார். செல்வி அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தார். நான் தட்டுவதை மறந்துவிட்டேன். பாய் காலால் என் காலைத் தட்டி ஞாபகப்படுத்தினார்.

ஒருவழியாக ஜெயக்கொடி வெற்றிலையை மென்றபடி, மாப்பிள்ளை தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். நான் வெளியே வந்து நின்றேன். வேட்டியில் கிரீஸ், தலையில் மண். இப்போது திட்டு விழும் என்று குனிந்து நின்றேன். சாவி பாயின் பையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் வண்டி எல்லார் முன்னாலும் எழுந்து என் மானத்தைக் காப்பாற்றும். செல்வி கதவோரம் நின்று என்னையே பார்த்தார். "இன்னும் பிடிபடலைங்க" என்றேன். ஜெயக்கொடி ஒரு நீண்ட ஏப்பம் விட்டுச் சொன்னார்: "உங்களுக்கு வேலை தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. போகுது விடுங்க, பொழுது சாயப் பாப்போம், மாப்ள காப்பி போடச் சொல்லியிருக்காரு."

வண்டி தூக்கத் தெரியாதவன் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் எனக்கு விழுந்த பெயரை இன்றுவரை நான் மறுத்ததில்லை, என் தொழிலில் நான் உருப்படியாகப் பார்த்த வேலை அன்றைக்கு அடியில் சும்மா கிடந்தது ஒன்றுதான் என்பதால்.